ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு மச்சி!

போன செமஸ்டரில் என் ரூம்மேட் நான்கு லீவ் லெட்டர் எழுதினான். நான்கிலும் ஒரே வரி: "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்..." பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மிஸ் போர்டில் எழுதிப்போட, நீங்களும் நானும் மனப்பாடம் செய்தோமே, அதே வரி. அந்த நான்கில் இரண்டை கிளாஸ் அட்வைசர் டேபிளில் கொண்டுபோய் வைத்தவன் நான்தான்.

அவனுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் அடிக்கவில்லை.

அவனுக்கு இருந்தது வேறு. ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வராது. காலையில் எழுந்ததும் வயித்தைக் கலக்கும். குளித்து, ஐடி கார்டு மாட்டி, பிளாக் வரைக்கும் வருவான். வகுப்பு வாசலைப் பார்த்ததும் கால் திரும்பிவிடும். இரண்டு அரியர் இருந்தது. பிளேஸ்மென்ட் ஆரம்பிக்கப் போகிறது. வீட்டில் கல்விக்கடன். இதையெல்லாம் சேர்த்து அவன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு மச்சி." நான் சொன்ன பதிலும் ஒரே வாக்கியம்: "யாருக்குத்தான் இல்ல? வா, டீ சாப்பிடலாம்."

இரண்டு மாதம் இப்படியே போனது. ஒரு ராத்திரி வராண்டாவில் நின்று அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பான். "பயமா இருக்கும்மா. விடியவே வேண்டாம்னு இருக்கு" என்றான். படுத்திருந்த நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் நடந்தது நல்லவிதமாகவே நடந்தது. மறுநாள் அம்மா வந்தார். ஊருக்குக் கூட்டிப்போய் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தார்கள். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தான். இன்று என் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். இதை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுது, பேரு மட்டும் போட்றாத" என்றான்.

ஆனால் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இரண்டு மாதம் தினமும் கேட்ட 'ஸ்ட்ரெஸ்' எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஒரே ஒரு தடவை காதில் விழுந்த 'பயமா இருக்கும்மா' ஏன் என்னை எழுப்பி உட்கார வைத்தது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான். 'ஆங்கிலம் ஒழிக' என்று கொடி பிடிக்கப் போகிறேன் என்று நினைத்து பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

இது யாருடைய இங்கிலீஷ்?

மெஸ்ஸில் சாப்பிடும்போது காதைத் திறந்து வையுங்கள். டென்ஷன், ஸ்ட்ரெஸ், நெர்வஸ், அப்செட், டிப்ரஷன், மூட் அவுட், ஆங்ஸைட்டி, பேனிக், ஓவர்திங்கிங், ட்ராமா. ஒரு தட்டு சாம்பார் சாதம் முடிவதற்குள் பத்தும் வந்துவிடும். இவையெல்லாம் ஆங்கிலம் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் உரசிப் பாருங்கள்.

'டென்ஷன்' என்பதை எடுத்துக்கொள்வோம். "நாளைக்கு வைவா, டென்ஷனா இருக்கு" என்றால் பயம். "என்னை டென்ஷன் பண்ணாத" என்றால் கோபம். "ரிசல்ட் இன்னும் வரல, ஒரே டென்ஷன்" என்றால் காத்திருக்கும் தவிப்பு. "அப்பாவுக்குக் கடன் டென்ஷன்" என்றால் கவலை. ஒரே சொல், நான்கு வேலை. ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர் இந்த நான்கு இடத்திலும் டென்ஷன் என்று சொல்லமாட்டார். நாலுக்கும் நாலு விதமாகச் சொல்வார்.

'மூட் அவுட்' இன்னும் வேடிக்கை. அது ஆங்கிலத்தில் கிடையவே கிடையாது, நாமே தயாரித்தது. 'ஃபீல் பண்ணாத மச்சி' என்பதும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஃபீல் என்றால் எந்த உணர்ச்சியாகவும் இருக்கலாம், சந்தோஷமும் ஃபீல்தான். நம் ஊரில் 'ஃபீல் பண்றான்' என்றால் சோகமாக இருக்கிறான் என்று மட்டும்தான் அர்த்தம். எச்ஆர் இன்டர்வியூவில் 'ஐ ஆம் டென்ஸ்டு' என்று சொல்லிவிட்டு வருகிறோமே, அந்த இடத்தில் அவர்கள் எதிர்பார்ப்பது 'ஐ ஆம் எ லிட்டில் நெர்வஸ்' என்பது. பிளேஸ்மென்ட்டுக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள், கட்டுரை படித்ததற்கு ஒரு பலன்.

ஆக, நாம் பேசுவது ஆங்கிலமும் இல்லை. ஆங்கிலச் சட்டை போட்ட தமிழ். அதில் தப்பில்லை, எல்லா மொழியும் கடன் வாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலிருந்து சொல்லைக் கொண்டுவந்தோம், ஆனால் அந்தச் சொற்களுக்கு நடுவே அங்கே இருந்த வித்தியாசத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அந்த வித்தியாசம் என்ன? 'வொர்ரி' என்பது பெரும்பாலும் தலைக்குள் ஓடுவது: அப்படி ஆகிவிட்டால், இப்படி ஆகிவிட்டால் என்று. 'நெர்வஸ்' என்பது ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சிக்கு முன்னால் வருவது. மேடை ஏறி இரண்டு நிமிடம் பேசினால் போய்விடும். 'ஃபியர்' என்பதற்குக் கண்ணெதிரே ஒரு பொருள் உண்டு: நாய், பாம்பு, எச்ஓடி. 'ஆங்ஸைட்டி'க்கு அப்படி ஒரு பொருள் தெளிவாக இருக்கவேண்டியதில்லை. எதற்கென்றே தெரியாது, ஆனால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். 'ஸ்ட்ரெஸ்' என்பது சுமை. 'பேனிக் அட்டாக்' என்பது சில நிமிடங்களுக்குள் உச்சிக்கு ஏறி, மூச்சு முட்டி, செத்துவிடுவோமோ என்று நினைக்க வைப்பது. 'டிப்ரஷன்' என்று மருத்துவர் சொல்வதற்கு, குறைந்தது இரண்டு வாரம் நாளெல்லாம் மனசு கவிழ்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ கிடக்கவேண்டும், கூடவே தூக்கம், பசி, கவனம் போன்றவற்றில் சிலவும் கெட்டிருக்கவேண்டும். கேண்டீனில் பரோட்டா தீர்ந்துபோனதற்குப் பெயர் டிப்ரஷன் இல்லை.

நாம் இவை எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கிவிட்டோம். பரோட்டா தீர்ந்தவனும் டிப்ரஷன், ராத்திரியெல்லாம் தூங்காதவனும் டிப்ரஷன். முதலாமவனைப் பார்த்துச் சிரித்துப் பழகிய காது, இரண்டாமவன் சொல்லும்போதும் சிரிக்கிறது. என் காது அதைத்தான் செய்தது.

சிக்மா = பி பை ஏ

நாம் இன்ஜினியரிங் மாணவர்கள். 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லை நம்மைவிட யார் அதிகம் எழுதியிருப்பார்கள்? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் எடுத்தவர்களுக்கு அது அரைத்தூக்கத்திலும் வரும்: ஒரு பரப்பளவின் மேல் விழும் விசை. சிக்மா ஈக்குவல் டு பி பை ஏ.

மனுஷனுக்கு இந்தச் சொல்லை ஒட்டவைத்ததில் முக்கியப் பங்கு ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளருக்கு உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் எலிகளை வைத்து ஆய்வு செய்தவர். 1936இல் நேச்சர் இதழில் அவர் எழுதிய சிறு கடிதம்தான் தொடக்கம். குளிர், காயம், மருந்து என எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி எதிர்வினை காட்டுகிறது என்றார். பிற்பாடு அதற்கு ஸ்ட்ரெஸ் என்ற பெயர் நிலைத்தது. ஒரு நிமிடம் யோசியுங்கள். வெளியிலிருந்து விழும் சுமைதான் ஸ்ட்ரெஸ் பக்கம். உடம்பு காட்டும் மாற்றம் நம் பாடப்படி ஸ்ட்ரெயின். இன்டர்னல் தேர்வில் இப்படி மாற்றி எழுதினால் இரண்டு மார்க் போயிருக்கும்.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. இந்த வித்தியாசத்தில் நம் ஹாஸ்டல் வாழ்க்கை மொத்தமும் இருக்கிறது. ஸ்டீலின் யங்ஸ் மாடுலஸ் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு சுமார் 70. இரண்டுக்கும் ஒரே ஸ்ட்ரெஸ் கொடுங்கள், அலுமினியம் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளும். அலுமினியம் மட்டமான உலோகம் என்று யாராவது சொல்வார்களா? விமானத்தையே அதில்தான் செய்கிறார்கள். ஆனால் மனுஷன் விஷயத்தில் மட்டும், "நாங்களும்தான் நாலு வருஷம் படிச்சோம், நாங்க என்ன செத்தா போயிட்டோம்?" என்று கேட்கிறார்கள். சுமையைப் பார்க்கிறார்கள், நீட்சியைப் பார்ப்பதில்லை. "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்று நாமும் சுமையின் பெயரைத்தான் சொல்கிறோம். அது நமக்குள் என்ன செய்கிறது என்று சொல்வதில்லை. எல்லாருக்கும் அதே செமஸ்டர், அதே சிலபஸ், அதே சுமை. அதனால்தான் "யாருக்குத்தான் இல்ல?" என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போகமுடிகிறது.

சொல்லுக்கும் லீஸ்ட் கவுண்ட் உண்டு

முதல் வருஷ பிசிக்ஸ் லேபை நினைத்துப் பாருங்கள். சாதாரண ஸ்கேலின் லீஸ்ட் கவுண்ட் ஒரு மில்லிமீட்டர். ஸ்குரூ கேஜின் லீஸ்ட் கவுண்ட் 0.01 மில்லிமீட்டர். கம்பியின் தடிமனை அளக்க ஸ்கேலை எடுத்தால் லேப் அசிஸ்டென்ட் முறைப்பார்.

நம் கையில் இருக்கும் 'டென்ஷன்' ஒரு ஸ்கேல். ஸ்குரூ கேஜ் நம் வீட்டிலேயே இருக்கிறது. பாட்டி உபயோகிப்பார், நாம் எடுப்பதில்லை.

படபடப்பு என்றால் நெஞ்சில். கலக்கம் என்றால் வயிற்றில். பதற்றம் என்றால் கை காலில், பேச்சில். தவிப்பு என்றால் வரவேண்டிய ஒன்று வராததால். திகில் என்றால் உறையவைக்கும் பயம். உளைச்சல் என்றால் ஒரே நினைப்பு உள்ளேயே சுற்றிச் சுற்றி வலிப்பது. 'இருப்புக் கொள்ளல' என்றால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. 'கையும் ஓடல காலும் ஓடல' என்றால் செய்யவேண்டியது தெரியும், உடம்பு நகரவில்லை. 'பக்குனு ஆயிருச்சு' ஒரு நொடி. 'திக்திக்குனு இருக்கு' தொடர்ந்து. 'மனசு கெடந்து அடிச்சுக்குது' ராத்திரி முழுக்க. கொங்குப் பக்கம் 'வெசனப்படாத' என்பார்கள். அதில் கவலையோடு வருத்தமும் கலந்திருக்கும். எதுவுமே சொல்லத் தெரியாதபோதும் ஒரு சொல் இருக்கிறது: 'என்னமோ ஒரு மாதிரி இருக்கு.' அதுவும் ஒரு ரீடிங்தான்.

கவனித்தீர்களா? இதில் பாதிக்கு மேல் உடம்பில் எந்த இடம் என்று சொல்லிவிடுகிறது. எவ்வளவு நேரம் என்பதையும் சொல்கிறது. மருத்துவர் கேட்கும் முதல் இரண்டு கேள்வியும் அதுதானே: எங்கே, எப்போதிருந்து?

இது தமிழின் தனிப்பெருமை என்று மார் தட்டமாட்டேன். ஆங்கிலச் சொற்களும் உடம்பிலிருந்து கிளம்பியவைதான். ஆங்ஸைட்டியின் வேர் லத்தீனில் நெரிப்பது, இறுக்குவது என்ற பொருள் தரும் சொல். வொர்ரியின் பழைய ஆங்கில வடிவத்துக்குக் கழுத்தை நெரிப்பது என்று பொருள். வேட்டை நாய் ஆட்டின் கழுத்தைக் கவ்விக் குலுக்குவதற்கும் அதே சொல்லைத்தான் சொன்னார்கள். டென்ஷன் என்றால் இழுத்துக் கட்டுவது, டிப்ரஷன் என்றால் கீழே அழுத்துவது. பேனிக், பான் என்ற கிரேக்கத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவனுக்கு அந்தச் சொற்களோடு ஒரு வாழ்க்கை ஒட்டிக்கொண்டிருக்கும், அவன் அம்மா அதைச் சொல்லித்தான் அவனைத் தட்டித் தூங்கவைத்திருப்பார். நமக்கு அவை லேபிள் மட்டும்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு இயல் இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று, அழுகையும் ஒன்று. மெய்ப்பாடு என்ற சொல்லைப் பாருங்கள்: மெய்யில் படுவது. உள்ளே இருப்பது உடம்பில் தெரியும் என்று அன்றே பெயர் வைத்திருக்கிறார்கள். 'கவலை' என்ற சொல்லுக்குச் சங்க இலக்கியத்தில் கிளை பிரியும் வழி என்ற பொருளும் உண்டு. கேட்டா, பிளேஸ்மென்ட்டா, குரூப் ஒன்றா என்று மூன்றாம் வருஷ முடிவில் நிற்கிறவனுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு இருக்கிறதா?

அப்படியானால் ஆங்கிலம்தான் வில்லனா?

இல்லை. இங்கேதான் நானே என் கட்சியை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

ரூம்மேட்டிடம் கேட்டேன், "என்கிட்ட ஏன்டா பயமா இருக்குன்னு சொல்லல?" அவன் சொன்னான்: "ஸ்ட்ரெஸ்னு சொன்னா நீ கிண்டல் பண்ணமாட்ட. பயம்னு சொன்னா பண்ணுவ."

உண்மை. பண்ணியிருப்பேன். 'பயந்தாங்கொள்ளி' என்று ஆறாம் வகுப்பிலிருந்தே பையன்களை நாம் அப்படித்தான் வளர்த்திருக்கிறோம். ஆக, ஆங்கிலச் சொல் அவனுக்கு ஒரு திரை. திரைக்குப் பின்னால் நின்று கொஞ்சமாவது பேச முடிந்தது. திரையும் இல்லாவிட்டால் அதையும் பேசியிருக்கமாட்டான்.

இதற்கு ஆய்வு ஆதரவும் இருக்கிறது. 2012இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்நிய மொழியில் யோசிக்கும்போது இழப்பைப் பற்றிய பயம் முடிவுகளை அவ்வளவாக ஆட்டிவைப்பதில்லை என்று அதில் சொன்னார்கள். தாய்மொழி சுடும் அளவுக்கு அந்நிய மொழி சுடுவதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். சூடான பாத்திரத்தைப் பிடிக்கத் துணி எடுப்பதுபோல, நாம் ஆங்கிலத்தை எடுக்கிறோம். 'கவுன்சலிங் போறேன்' என்று இன்று ஒரு மாணவி ஹாஸ்டலில் சாதாரணமாகச் சொல்ல முடிகிறது. போன தலைமுறையில் அதற்கு ஊர் வைத்திருந்த சொற்கள் என்னவென்று உங்களுக்கே தெரியும். அந்தச் சொற்களிலிருந்து நம்மைக் காப்பாற்றியதில் ஆங்கிலத்துக்குப் பங்கு உண்டு. நன்றியோடு ஒப்புக்கொள்வோம்.

ஆனால் துணியோடு பாத்திரத்தை இறக்கலாம், துணியோடு சாப்பிட முடியாது. ஏதோ ஒரு கட்டத்தில் யாராவது ஒருவரிடம் சுடும் சொல்லைச் சொல்லியே ஆகவேண்டும். உணர்ச்சிக்குப் பெயர் வைப்பதே அதன் வேகத்தைக் குறைக்கிறது என்றும் ஆய்வு உண்டு. 2007இல் லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மேத்யூ லீபர்மேன் குழு, முகங்களைக் காட்டி அதிலுள்ள உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னது. பெயர் சொன்னபோது மூளையில் அமிக்டலா என்ற பகுதியின் கொதிப்பு குறைந்தது. பெயர் வைக்கவேண்டும், அதுவும் சரியான பெயராக.

தூயதமிழில் மாற்றிவிட்டால் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. 'மன அழுத்தம்' என்ற சொல்லைச் செய்தித்தாள்களில் பாருங்கள். ஒரு நாள் ஸ்ட்ரெஸ்ஸுக்கு எழுதுகிறார்கள், மறுநாள் டிப்ரஷனுக்கு எழுதுகிறார்கள். மனச்சோர்வு என்ற தனிச்சொல் இருந்தும் கலந்துவிட்டது. ஸ்கேலைத் தமிழில் செய்தாலும் அது ஸ்கேல்தான். நான் கேட்பது தமிழ்ச் சொல் இல்லை. உங்கள் வாயில் பழகிய சொல்.

ஜிம்பாப்வேயில் ஒரு பெஞ்ச்

இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிலிர்த்தது. ஜிம்பாப்வே நாட்டில் மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006 வாக்கில் ஒரு வேலை தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே, மரத்தடியில், ஒரு மரபெஞ்ச். அதில் பயிற்சி பெற்ற ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம். 'ஃப்ரெண்ட்ஷிப் பெஞ்ச்' என்று பெயர்.

அந்தப் பாட்டிகள் 'டிப்ரஷன்', 'ஆங்ஸைட்டி' என்று பேசுவதில்லை. அங்கே மக்கள் பேசும் ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்குப் பொருள், அளவுக்கு மீறி யோசிப்பது. ஊர்க்காரர்கள் ஏற்கெனவே தங்கள் கஷ்டத்துக்கு வைத்திருந்த பெயர் அது. அந்தப் பெயரையே வைத்துப் பேச்சைத் தொடங்கினார்கள். 2016இல் ஜாமா மருத்துவ இதழில் இதன் ஆய்வு முடிவு வெளியானது. பாட்டியோடு பேசியவர்களின் அறிகுறிகள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்திருந்தன.

அளவுக்கு மீறி யோசிப்பது! எங்கேயோ கேட்டமாதிரி இல்லை? யாழ்ப்பாணத்தில் 'யோசிக்காதேங்கோ' என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். நம் வீட்டிலும் "ரொம்ப யோசிக்காத, தூங்கு" என்றுதானே அம்மா சொல்கிறார்? அதையே நாம் 'ஓவர்திங்கிங்' என்று இன்ஸ்டாவில் ஸ்டோரி போடுகிறோம். அந்த ஸ்டோரிக்கு நாற்பது இதயக்குறி விழும். 'யோசிச்சு யோசிச்சு தூக்கமே வரலடா' என்று ஒருவனிடம் சொன்னால் இதயக்குறி விழாது. அவன் எழுந்து வருவான்.

சரி, என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. நான்கு விஷயம் மட்டும்.

ஒன்று, டென்ஷன் என்று சொல்லுங்கள், ஸ்ட்ரெஸ் என்று சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கூடவே இன்னொரு வாக்கியம், உடம்பையோ நேரத்தையோ தொட்டு. "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு, மூணு நாளா தூங்கல." "டென்ஷன், கிளாஸ் வாசலுக்கு வந்தா வயித்தைக் கலக்குது." அந்த இரண்டாவது வாக்கியம்தான் கேட்பவனை நிறுத்தும்.

இரண்டு, உங்களிடம் யாராவது ஸ்ட்ரெஸ் என்றால், டீக்குக் கூப்பிடுங்கள், ஆனால் டீக்கடையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "என்னடா பண்ணுது?" உடம்புக்கு முடியாதபோது அம்மா கேட்கும் கேள்வி அது. 'வாட் ஹேப்பண்ட் ப்ரோ' என்பதற்கு 'நத்திங் ப்ரோ' என்ற பதில் ரெடியாக இருக்கிறது. 'என்ன பண்ணுது' என்பதற்கு ஒரு பதிலை யோசித்துத்தான் சொல்லவேண்டும். 'விடியவே வேண்டாம்', 'இருந்து என்ன பண்ணப் போறேன்' என்ற மாதிரி ஏதாவது காதில் விழுந்தால் அதற்குமேல் ரகசியம் காக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல் கூடவே இருந்து, வீட்டுக்கும் வார்டனுக்கும் சொல்லுங்கள். டெலி-மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து ரூமுக்கு.

மூன்று, கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். கவுன்சலிங் செல்லில் வருஷ ஆரம்பத்தில் ஒரு படிவம் தருகிறீர்கள். நல்ல விஷயம். அது முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. 'டூ யூ ஃபீல் ஆங்ஷியஸ்?' என்ற கேள்விக்கு என் ரூம்மேட் 'நோ' என்று டிக் அடித்திருக்கிறான். ஏன் என்று கேட்டால், "ஆங்ஷியஸ்னா ஆர்வமா இருக்கறதுன்னு நெனச்சேன். 'ஆங்ஷியஸ் டு லேர்ன்'னு லெட்டர்ல எழுதுவோமே" என்கிறான். அவன் சொல்வதிலும் தப்பில்லை, ஆங்கிலத்தில் அந்தப் பொருளும் உண்டு. அதே படிவத்தில் 'நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குதா? தூக்கம் வருதா? கிளாசுக்கு வரப் பயமா இருக்கா?' என்று கேட்டிருந்தால் ஆகஸ்டிலேயே தெரிந்திருக்கும். நம் வகுப்பில் பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் எத்தனை பேர் என்று கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கமும் அச்சடித்தால் போதும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் இந்த இதழின் குழு முழுவதும் தயார்.

நான்கு, ஆங்கிலத்தையும் சரியாகக் கற்றுக்கொள்வோம். நாளைக்கு புனேயிலோ குருகிராமிலோ ஒரு மருத்துவரிடம், ஒரு மேனேஜரிடம் சொல்லவேண்டி வரும். அங்கே 'டென்ஷன் சார்' என்று நின்றால் போதாது. வொர்ரி எது, ஆங்ஸைட்டி எது, பேனிக் எது என்று தெரிந்து சொல்வது சர்க்யூட்டில் வோல்டேஜ் எது, கரண்ட் எது என்று தெரிந்து சொல்வது மாதிரி. இரண்டு மொழியிலும் ஸ்குரூ கேஜ் வைத்திருப்பவனுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

எழுதி முடிக்கும்போது ஒரு சம்பவம். போன வாரம் என் ரூம்மேட்டுக்கு நிஜமாகவே காய்ச்சல். 101 டிகிரி. வழக்கம்போல நான்தான் லெட்டரைக் கொண்டுபோனேன். அதே வரி, 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்.' கிளாஸ் அட்வைசர் படித்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கேட்டார்: "நெசமாவே காய்ச்சலாப்பா, இல்ல வேற ஏதாச்சும் பண்ணுதா அவனுக்கு?"

"காய்ச்சல்தான் மேம்" என்றேன். சாயங்காலம் அவனே போன் செய்து அவரிடம் பேசினான். பத்து நிமிடம். காய்ச்சலைப் பற்றி இரண்டு நிமிடம்தான் பேசியிருப்பான்.